எதிரணி பெஞ்சில் அக்கா

போன சீசனில் கால்பந்து லீக்கை வென்ற அணிக்கு அக்கா காயம் பார்க்கும் பிசியோ. அதே சீசனில் கோப்பைப் போட்டியை வென்ற அணியில் தம்பி முன்வரிசை ஆட்டக்காரன். சீசனின் முதல் மேட்ச்சில் இன்று இரண்டு அணிகளும் மோதுகின்றன. தம்பி எழுவதற்குள் கிளம்பியவள் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினாள்:

“முட்டை அவிச்சு வச்சிருக்கேன், மூணையும் சாப்பிடு. குழாய் ரிப்பேருக்கு ஆள் வருவார், சாவியைக் கீழ்வீட்டுல குடுத்துட்டுப் போ. முழங்கால் இன்னும் சரியாகலை, ஆடாதேன்னேன். ‘உன் டீம் ஜெயிக்கணும்னுதானே சொல்றே’ன்னு நேத்து கேட்டுட்டே. சுருக்குன்னு தச்சுதுடா. போகட்டும், முழங்கால் பட்டையை ரொம்ப இறுக்கிக் கட்டாதே.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

“நீ கோல் போட்டா என்னால கை தட்ட முடியாது, கோவிச்சுக்காதே. கீழே விழுந்தா மட்டும் யார் டீம்னு பார்க்க மாட்டேன், ஓடி வந்துடுவேன்.”