பேக்எண்டை முடிவு செய்தவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

சி மொழி வழியாகப் போவதாம். முடிவாகிவிட்டதாம். டெஸ்டிங்கில் இருப்பவள் கை கழுவுகிற இடத்தில் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது.

மருந்து ஏற்றும் பம்ப்புக்காக எங்கள் கம்பெனி உருவாக்கும் கணினி மொழிக்குக் கம்பைலர் என்ற மொழிபெயர்ப்பு புரோகிராமை எழுதுவது நான். அதன் பின்பாதி, அதாவது பேக்எண்ட், நேராகச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளைத் தர வேண்டுமா, இல்லை சி மொழியில் எழுதிக் கொடுத்து மிச்சத்தை சி கம்பைலரிடம் விட வேண்டுமா? அதுதான் கேள்வி. முதல் வழியோடு எட்டு மாதமாக மாரடிக்கிறேன். ஓடவும் ஓடுகிறது.

முடிவு எடுத்தது டைரக்டரும் புராஜெக்ட் மேனேஜரும். அந்த மேனேஜர் என் வீட்டுக்காரர். நேற்று எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். உப்பு கம்மி என்று சொல்ல மட்டும் வாய் வந்தது.

மார்ச் 5

கேட்டேன். "வீட்ல ஆபீஸ் பேச வேணாம்னு நீதானே சொன்ன?"

மார்ச் 6

ஆபீஸில் கேட்டேன். "இதை வீட்ல பேசிக்கலாமே" என்கிறார். அப்ப எங்கதான் பேசுறது? லிஃப்ட்லயா?

மார்ச் 10, திங்கள்

மீட்டிங். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எங்கள் மொழியில் லூப் கிடையாது. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய, ஃபங்ஷன் என்கிற கோடுத் துண்டு தன்னையே அழைத்துக்கொண்டே இருக்கும். என் பேக்எண்டில் ஃபங்ஷனின் கடைசி வேலையான அந்த அழைப்பு வெறும் தாவல், மெமரியில் எதுவும் சேராது. சி அதற்கு உத்தரவாதம் தராது. ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக் என்ற மெமரி அடுக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். இடம் தீர்ந்தால் பம்ப் நின்றுவிடும். மறுமுனையில் ஒரு மனுஷன் படுத்திருப்பான்.

டைரக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "சி எல்லாருக்கும் தெரியும்மா. உங்க கோடு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். குழந்தைக்குப் பாக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். நாளைக்கு நீங்க லீவுல போயிட்டா யாரு பாக்குறது?" என்றார்.

நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய விஷயம் அது.

அவர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் நோட்டை மூடினேன்.

மார்ச் 11

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். வேலை குறையட்டும்னு."

என் நல்லது! என் வயிறு என்ன, புராஜெக்ட் ரிஸ்க்கா? சீ.

பக்கத்து அறையில் படுக்கையை விரித்துக்கொண்டேன்.

மார்ச் 17

யாரிடமும் பேச்சில்லை. அவர்கள் கேட்ட சி பேக்எண்டை அவர்கள் கேட்டபடியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

டைரக்டர் மேசைமேல் பம்ப்பை வைத்து, டோஸ் கணக்கை ஓடவிட்டேன். பையில் வெறும் தண்ணீர். ஸ்டாக் ஏறாமல் தடுக்கக்கூடிய, சி கம்பைலர் தானாகச் செய்யும் சுருக்கங்களை எல்லாம் அணைத்து வைக்கச் சொல்கிறது பாதுகாப்பு விதி. அப்படியே வைத்தேன். அவர் டீ ஆறுவதற்குள் பம்ப் நின்றது. அலாரம் கத்தியது.

இதை உங்க அப்பா கையில மாட்டியிருந்தா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"இப்ப என்ன பண்ணலாம்?" டைரக்டர் என்னைத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"அளந்து பாத்துட்டு நான் சொல்றேன்" என்றேன்.

மார்ச் 28

அளந்தேன். வயிற்றெரிச்சலாக இருக்கிறது. சிதான் சரி, ஒரு மாற்றத்தோடு.

ஃபங்ஷன் நேராக அழைக்காமல், அடுத்து எதை அழைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். வெளியே ஒரு லூப் அதை நடத்தும். ஸ்டாக் ஏறாது. வேகம் குறையும்தான், ஆனால் டோஸ் கணக்குக்கு அதுவே தாராளம். சிப் மாறினாலும் மறுபடி எழுத வேண்டாம்.

இதை இப்படிச் சொல்லியிருந்தால் முதல் நாளே ஒத்துக்கொண்டிருப்பேனே! சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள். என்னை அசிங்கப்படுத்தி எடுத்திருக்கிறார்கள். இதற்கு எந்த மன்னிப்பும் பத்தாது. யாரும் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 2

என் எட்டு மாதக் கோடு முழுவதையும் நானே நீக்கினேன். வேறு யாரும் தொடக் கூடாது என்றிருந்தேன். இனி நான் நேராக டைரக்டருக்குக் கீழே. நடுவில் மேனேஜர் இல்லை. அது என் நிபந்தனை.

ஏப்ரல் 9

பம்ப் ஒரு வாரமாக நிற்காமல் ஓடுகிறது.

சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, குழந்தை விஷயத்தை எப்போது பேசலாம் என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். "யாருக்குச் சொல்லலாம்ங்கிறதையும் நான்தான் சொல்வேன்."

தலையாட்டினார். என் படுக்கை இன்னும் பக்கத்து அறையில்தான்.