உப்பளத்தை வெட்டிய புத்தகம்

மரைக்காயரே, உமக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. நீர் செய்த தவறை உம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம் வாசிப்புச் சங்கத்தார் உம் நினைவாக அச்சிட்ட சிறு புத்தகம் இன்று காலை என் கைக்கு வந்தது. மை வாடை இன்னும் போகவில்லை. உயிரணுக்களைப் பற்றி நீர் சங்கத்தில் பேசிய இரண்டு பேச்சுகளில் இரண்டாவது மட்டும் அதில் இருக்கிறது, அதுவும் தலையில்லாமல். "சென்ற கூட்டத்தில் நான் சொன்னது தவறு" என்று நீர் தொடங்கிய பத்தியைக் காணோம். ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவிலிருந்துதான் வரும் என்பதைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவர்போல் அதில் பேசுகிறீர்.

நீர் அப்படிப்பட்டவர் இல்லை. பக்கத்தில் இருந்தவன் நான்.

சிராங்கூன் சாலையில் உம் துணிக்கடை. அதற்குப் பின்னால் தேக்காவில் என் மாட்டுக்கொட்டகை. இருவருமே பள்ளிக்கூடத்தை ஒழுங்காகக் கண்டதில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு டாக்டரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, எல்லோரும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் கை தூக்க, நீர் ஒரு பித்தளை நுண்ணோக்கிக்குத் தூக்கினீர்.

"துணியில் இழை எண்ணுகிற கண்ணாடி போதாதா, மரைக்காயரே?" என்றேன்.

"இழைக்குள்ளே என்ன இருக்கிறதென்று அது சொல்லவில்லையே, ஓய்."

முதலில் வெங்காயத் தோலைப் பார்த்தோம். செங்கல் அடுக்கியதுபோல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கடையில் விற்ற நீலச் சாயத்தில் ஒரு துளி விட்டதும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி எழும்பியது. பிறகு என் கன்னத்தின் உட்புறத்தை வழித்துக் கண்ணாடியில் தடவினீர். செங்கல் சுவர் இல்லை. ஆனால் அதே புள்ளி.

"வெங்காயமும் நீரும் ஒரே சரக்கு" என்றீர்.

"வெங்காயம் உம்மைப்போல் ஓயாமல் பேசாது" என்றேன்.

அந்த டாக்டரின் புத்தகங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். இங்கிலீஷ்காரர் ஒருவர் தக்கையைச் சீவிப் பார்த்து வெறும் அறைகளைக் கண்டிருந்தார். தானே கண்ணாடி தேய்த்துத் தண்ணீரில் உயிருள்ள சிறு பிராணிகளைப் பார்த்தவர் ஒல்லாந்து ஜவுளிக்காரர். அந்தப் பக்கம் வந்ததும் உமக்கு ஏற்பட்ட பெருமை சொல்லி மாளாது. வெகுகாலம் கழித்து, செடிகள் எல்லாம் உயிரணுக்களால் ஆனவை என்றார் ஒரு ஜெர்மானியர். பிராணிகளும் அப்படியே என்றார் இன்னொருவர். புது உயிரணு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில் இருவரும் சறுக்கினார்கள். கரைசலிலிருந்து உப்புப் பரல் விளைவதுபோல் அது விளைகிறது என்றார்கள். அது பிழை என்று அப்போது நமக்குத் தெரியாது.

நீரும் அங்கேதான் சறுக்கினீர். கள் எப்படிப் பொங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றீர். நான் மருந்துக் குப்பியில் கொஞ்சம் கொண்டுவந்தேன்.

"என் கடையில் கள் வாடை! யாராவது மோந்தால் நான் பள்ளிவாசல் பக்கம் தலைகாட்ட முடியுமா?"

"குடிக்கத்தானே தடை, பார்க்கவுமா?"

காலையில் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது சின்னஞ்சிறு மணிகள் சிலவே இருந்தன. பிற்பகலில் கண்ணாடி முழுக்க மணிகள். ஒவ்வொன்றும் ஓர் உயிரணு என்று புத்தகம் சொன்னது. அடுத்த கூட்டத்தில், நாகப்பட்டினத்துப் பக்கம் உப்பளத்தில் தண்ணீர் வற்ற உப்பு பூப்பதுபோல், கள்ளில் உயிரணு தானே பூக்கிறது என்று பேசினீர். அழகாகப் பேசினீர். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. "பசு ஈனாமல் என் கொட்டகையில் கன்று முளைக்குமா?" என்றேன்.

"ஈ முளைக்கிறதே, ஓய்."

"அதுவும் முளைக்காது. அதற்கும் தாய் உண்டு."

"இருக்கலாம். நீர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நீர் பார்க்கவில்லை. பார்க்காமல் சரியாக இருந்தால் அது அதிர்ஷ்டம்." அன்று எனக்குக் கோபம். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

மறுவாரம் ஒரே ஒரு மணியைக் குறிவைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தீர். நண்பகல் லுஹர் தொழுகைக்கு எழுந்தபோது, "கண்ணை எடுக்காதீர். கண்டதை வரையும். நான் வரைந்ததைப் பார்க்காதீர், உம்முடையதை எனக்கும் காட்டாதீர்" என்றீர். திரும்பி வந்ததும் இருவரும் மாறி மாறிப் பார்த்து அவரவர் தாளில் வரைந்தோம். மாலையில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டிலும் அந்த மணியின் தோளில் ஒரு சிறு மணி புடைத்திருந்தது, பருத்திருந்தது, கடைசியில் விலகியிருந்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, உப்பளம் தவறு என்றீர். பின்வரிசையிலிருந்து ஒருவர், "போன மாதம் தட்டிய கையை என்ன செய்வது, பாய்?" என்று கேட்டார். "மறுபடி தட்டும். இந்தத் தடவை பார்த்துவிட்டுத் தட்டும்" என்று நுண்ணோக்கியை அவர் பக்கம் தள்ளினீர்.

இதைத்தான் வெட்டியிருக்கிறார்கள். செயலாளரிடம் போய்க் கேட்டேன். ஆபீசில் வேலை பார்க்கிற, இங்கிலீஷ் படித்த பிள்ளை.

"பெரியவரே, காலமானவரைப் பற்றித் தவறு தவறு என்று அச்சடிப்பது மரியாதையா?"

"அவர் வாயால் சொன்னதை மறைப்பதுதான் மரியாதையோ?"

உம் மகனிடம் போனேன். "வாப்பாவின் பெயர் பெரிதாக இருக்கட்டுமே, மாமா" என்றான். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தால் செய்தாலும் அநியாயம் அநியாயம்தான்.

அந்த ஜெர்மானியர்களின் பிழையையும் யாரோ இப்படித் துடைத்திருந்தால், உம்மைப்போல் இன்னும் எத்தனை பேர் அதே உப்பளத்தில் சறுக்கியிருப்பார்கள்? உயிரணு பிரிவதைக் கண்டு முதலில் உறுதியாகச் சொன்னவருக்கு அந்தப் புகழ் நிற்கவில்லை. பின்னால் சொன்னவருக்கே நின்றது. பின்னால் கிடைத்த வேறொரு புத்தகத்தில் அதைப் படித்தபோது உம் முகம் சுருங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

இன்றும் தேக்காவில் யாராவது ஒரு செய்தியை அடித்துச் சொன்னால், "பார்த்தீரா?" என்று கேட்டுவிடுகிறேன். என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். ஒதுங்கட்டும்.

இனி நடக்க வேண்டியது இது. செயலாளர் இரண்டு பேச்சுகளையும் நீர் பேசிய வரிசையிலேயே, ஒரு சொல் குறையாமல் மறுபடி அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உம் மகன் நாம் இருவரும் வரைந்த படங்களையும், என் கோணல் கோடுகள் உட்பட, அதில் சேர்க்கத் தர வேண்டும். அன்று உப்பளத்துக்குக் கைதட்டிய அங்கத்தினர்கள் தட்டினோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை நான் கூட்டந்தோறும் எழுந்து விடுபட்ட பத்தியை வாசிக்க வேண்டும். உட்காரச் சொன்னாலும் உட்காரக் கூடாது. சங்கத்தார் உம் நுண்ணோக்கியைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதில் பார்த்து, நீர் கடைசியாகச் சொன்னதிலும் பிழை கண்டால், உமக்காகத் தயங்காமல் எழுந்து சொல்ல வேண்டும்.