எழுந்து நின்ற ராணி

நேற்று கொண்டாப்பூரில் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த டிவியில் குழந்தைகளுக்கான படம் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்த ராணி ஒருத்தி மெல்ல மேலெழும்பி நின்று சிரித்தாள். பக்கத்திலிருந்த குழந்தை கை தட்டியது. பல் வலி தீர்ந்தால் என்ன, தீராவிட்டால் என்ன என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். அது நீ வரைந்த ராணி. அவள் சாக வேண்டும் என்றுதான் வரைந்தாய்.

உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அப்போது ஊரெங்கும் பாறைகளுக்கு வெடி வைத்துக் கண்ணாடிக் கட்டடங்களாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நம்முடையதும் கண்ணாடிக் கட்டடம்தான். ஆனால் கம்ப்யூட்டரில் வெளிச்சம் அடிக்கும் என்று எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் திரை போட்டு மூடியிருந்தார்கள். மழை பெய்தால்கூட டீ குடிக்கக் கீழே இறங்கினால்தான் தெரியும். கோவில்பட்டியிலிருந்து வந்த எனக்கு ஒப்பந்தம் முடியும்வரை அங்கே இங்கே அசைய முடியாது. நீ செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நான் எங்கள் ஊர் வழக்கப்படி "ஏட்டி" என்று கூப்பிட்டால் நீ சிரிப்பாய். நீ வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்றால் நான் சிரிப்பேன். அந்த இருட்டு அறையில் நமக்கு வாய்த்த காற்று அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காகப் பழைய துயர நாடகங்களைச் சின்னக் குழந்தைகளுக்கான கார்ட்டூன்களாக மாற்றுவது நம் வேலை. முக்கியமான நிலைகளை நீ வரைவாய். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள அசைவுகளை நான் வரைந்து நிரப்புவேன். யாரும் சாகக்கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அதனால் விஷம் குடிக்க வேண்டியவன் பழரசம் குடித்தான். தலையை வெட்ட வந்தவன் முடியை வெட்டிவிட்டுப் போனான். "பேசாம நாம ஒரு சலூன் வச்சுடலாம் பா," என்று நீ சொன்னதற்கு அந்த வரிசையே சிரித்தது.

ராணியின் கதை மட்டும் எப்படியோ தப்பி முதல் கட்ட அனுமதி வாங்கிவிட்டது. சண்டை போடும் இரண்டு மகன்களுக்கு நடுவில் போய் நின்று, அம்பு பட்டு விழுந்து இறக்கும் ராணி. அந்த விழுகையை வரைய நீ பட்ட பாடு இருக்கிறதே! எல்லோரும் பார்க்க அலுவலகத் தரையில் நீயே விழுந்து விழுந்து பார்த்தாய். "சாகப்போறது முதல்ல முழங்காலுக்குத்தான் தெரியும். முகத்துக்கு அப்புறமாத்தான் சேதி போகும்," என்றாய். இந்தப் பெண்ணுக்கு வேலைப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வரைந்து முடித்து அனுப்பிய பிறகு மெயில் வந்தது. ராணி பிழைக்க வேண்டுமாம். நம் டீம் லீடருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "சிம்பிள் அண்டி, ரிவர்ஸ்லோ பெட்டேத்தாம்," என்றார். விழுகிற படங்களையே கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டினால் அவள் எழுந்துவிடுவாள், புதிதாக எதுவும் வரைய வேண்டாம், எழுகிற இடத்தில் அம்பை மட்டும் அழித்தால் போதும். அழிக்கிற வேலை என்னிடம் வந்தது.

போட்டுப் பார்த்தோம். எழுகிறவள் கையை ஊன்றி எழ வேண்டாமா? அவளோ ஊன்றவே இல்லை. யாரோ முதுகைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது போல நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே என்னிடம் சொன்னாய், வயிற்றில் வெட்டி எடுத்த கட்டி திரும்ப வந்துவிட்டது என்று.

"சின்னிகிட்ட சொல்ல வாய் வரல பா. என் பொண்ணுக்கு எட்டு வயசுதான். ஒரு அம்மா சாகறதை வரைஞ்சுட்டேன்னா, சின்னியைப் பக்கத்துல உக்கார வச்சுப் பாக்கலாம்னு இருந்தேன். அவ கேப்பா, நான் சொல்லுவேன். அதுக்குத்தான் அப்படி விழுந்து விழுந்து வரைஞ்சேன்."

"மாத்த முடியாதுன்னு சொல்லிருட்டி. மிஞ்சிப் போனா வேலை போகும், அம்புட்டுதான?"

"வேலை போனா இன்சூரன்ஸ் கார்டு போயிடும். அந்தக் கார்டுலதான் என் ஊசி எல்லாம் ஓடுது. எழுப்புன்னா எழுப்பித்தான் ஆகணும்."

பிழைத்துக் கிடக்க வேண்டும் என்றால் பொய்யை வரைய வேண்டும். அந்தக் கறுப்புத் திரைகளைக் கிழித்துப் போட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. கிழிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மேலே போய் அம்பை அழித்தேன்.

ஒரு சனிக்கிழமை ஊழியர்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ராணி எழுந்ததும் எல்லாப் பிள்ளைகளும் கை தட்டின. சின்னி தட்டவில்லை. "அம்மா, ஆ பாணம் ஏமைந்தி?" என்றாள். அந்த அம்பு என்னவாயிற்று என்று எட்டு வயதுக்காரி கேட்கிறாள். இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். வெளியே வந்த பிறகு தனியே இழுத்துப் போய்ச் சொன்னாய்: "என்னால முடியலைன்னா சின்னிகிட்ட நீ சொல்லிடு. சாமிகிட்ட போயிருக்கா, ஊருக்குப் போயிருக்கா, அதெல்லாம் நக்கோ. செத்துட்டான்னு சொல்லு."

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

நீ போனபோது பிள்ளையை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவள் வீடு திரும்பிய பிறகு, ஞாயிறு தவறாமல் அல்வாலில் இருந்த உன் வீட்டுக்குப் போவேன். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனிக்கு ஷிப்டு போய்வந்த உன் வீட்டுக்காரர் வாசலிலேயே என்னை நிறுத்திக் கெஞ்சுவார். "பரீட்சை முடியட்டும்மா." பரீட்சை முடிந்தது. "பர்த்டே வருதும்மா, அது போகட்டும்." அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சொல்லை வாயால் சொல்ல அவருக்கு உடம்பில் தெம்பில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அது நான்தான். உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அவர் முகம் ஒரு பக்கம், நடுவில் உன் மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அம்மா எப்போது வருவாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் என்னைக் கொன்றது.

ஒரு ஞாயிறு காலை அவரிடம் சொல்லிவிட்டேன். "அண்ணே, இன்னைக்குச் சொல்லப் போறேன். நீங்களும் வந்து பக்கத்துல இருங்க." அவர் மறுக்கவில்லை. வந்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னி, அம்மா செத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க," என்றேன்.

அவள், "நாக்கு தெலுசு ஆன்ட்டி," என்றாள். தெரியுமாம். அவ்வளவு நாளும் தெரியுமாம். அப்பா பக்கம் திரும்பினாள். "டாடி, நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான் கேக்கல. இப்ப நான் அழலாமா?"

அவர் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் நீ செத்துப் போனாய்.

சின்னி இப்போது என்னைவிட உயரம். நானும் அந்த வேலையை எப்போதோ விட்டாயிற்று. ஆனால் நீ கொடுத்த வேலை விடவில்லை. எப்படியோ பேச்சு பரவி, தெரிந்தவர்கள் வீட்டில் சாவு விழுந்தால், பிள்ளைகளிடம் சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லை முழுதாகச் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகு, அந்தப் பிள்ளை கேட்பதற்கு முன்பே, "நீ அழலாம்" என்று சொல்லிவிடுகிறேன், ஏட்டி.