மூன்றாவது அடுக்கு

செவ்வாய்க் கிரகம், நாள் 41, காலை 6.10

முதல் அடுக்கு கான்கிரீட் ஊற்றியாயிற்று. முழங்கால் உயரம். இந்த வீட்டுக்கு மூன்று பக்கமும் மேலேயும் பாறை, முன்சுவர் மட்டும் என் வேலை. சுவருக்கு வெளியே வெயில் நுழையாத, காற்றடைத்த கூடாரம்; அதற்குள் விளக்கு வைத்து, வெறுங்கையோடு வேலை செய்கிறேன். இரண்டு தெர்மோகோல் பலகைகளுக்கு நடுவே கம்பி கட்டி, அதற்குள் ஊற்ற வேண்டும். மொத்தமாக ஊற்றினால் கனம் தாங்காமல் பலகை பிளந்துவிடும். ரொம்பக் காத்திருந்தால் அடியடுக்கு இறுகி, மேலடுக்கு ஒட்டாது. பெருவிரலை வைத்து அழுத்துவேன். பாதி நகம் பதிந்தால் அடுத்த அடுக்குக்கு நேரம். அளக்கக் கருவி இருக்கிறது. வள்ளியூரில் வேலை பழகிய விரல் அதை நம்புவதில்லை.

படிப்பவர் யாரோ, என் பெயர் இசக்கிராஜ்.

காலை 8.00

பாதி நகம். இரண்டாவது அடுக்கு ஊற்றினேன். மேலே சுற்றும் கப்பலிலிருந்து என் மனைவி வடிவு பேசினாள். அவளோடு இன்னும் ஐந்து பேர். சூரியப் புயல் நாளை வருகிறது. கப்பலின் தகடு அந்தக் கதிரைத் தாங்காது, இந்தச் சுவர் தாங்கும்.

"ஏங்க, பூசணிக்கா உடைச்சீங்களா? உடைக்காம கான்கிரீட்டு போட்டா அது ஒரு ஆளைக் கேக்கும்னு அத்த சொல்லுவாங்கல்லா."

"இங்க எந்தச் சந்தையில பூசணிக்கா விக்குது? நீ வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா."

அம்மா பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்.

காலை 9.10

"புயல் முந்திருச்சுங்க. இன்னைக்கு மதியமே வருதாம். நாங்க எறங்குதோம். சுவரு முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும், வா."

விரலை வைத்தேன். முழு நகமும் உள்ளே போகிறது. இன்னும் காத்திருக்க வேண்டும், நேரம் இல்லை. பம்பில் மூன்றாவது அடுக்கைத் திறந்துவிட்டேன்.

காலை 9.35, குரல் பதிவு

கதவுக்கு எதிர் மூலையில், வெளிப்பக்கப் பலகை அடியில் பிளந்துவிட்டது. ஒரு பிளைவுட்டை வைத்து முதுகைக் கொடுத்து நிற்கிறேன். பம்பை நிறுத்திவிட்டேன். வழிந்தது முழங்காலுக்கு மேல் நிற்கிறது. இப்போது உருவினால் கால் வந்துவிடும். ஆனால் நான் நகர்ந்தால் பலகை சரியும், சுவர் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். பயமாக இருக்கிறது.

காலை 10.40, குரல் பதிவு

வழிந்ததில் விரலை வைத்தேன். பாதி நகம். இந்த முறை காத்திருந்தேன். கையிலிருந்த பம்பு ரிமோட்டில் கடைசி அடுக்கை ஊற்றினேன். சுவர் பாறையைத் தொட்டுவிட்டது. நல்ல சுவர். கால் அசையவில்லை.

காலை 11.30, குரல் பதிவு

இறங்கிவிட்டார்கள். கூடாரத்துக்குள் நுழைந்து கதவுக்கு ஓட வேண்டும். என்னைப் பார்த்தால் வடிவு நின்றுவிடுவாள். கடப்பாரை எடுப்பாள். இதை உடைத்து எடுக்க அரை நாள் ஆகும். என் பக்க விளக்குகளை அணைத்தேன்.

"எங்கங்க நிக்கீங்க?"

"உள்ள படுத்திருக்கேன், கால்ல அடி. எல்லாரும் ஓடி வந்து கதவைச் சாத்துங்க."

முதன்முறையாக அவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன் என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் இதற்கு முன் சொன்னதெல்லாம் சில்லறை.

ஐந்து பேர் ஓடினார்கள். கடைசியில் வடிவு. இருட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். யாரோ அவளை உள்ளே இழுத்தார்கள். புயல் அடங்கும்வரை அந்தப் பூட்டு திறக்காது. அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பகல் 12.05, குரல் பதிவு

ரேடியோ இந்தச் சுவரைத் தாண்டாது. சத்தமும் தாண்டாது. வாயில் இரும்பின் ருசி, புயல் வந்துவிட்டது. முதுகில் மட்டும் மெல்லிய அதிர்வு. உள்ளே என்னைக் காணாமல் வடிவு சுத்தியலால் தட்டுகிறாள். கதவிலிருந்து தொடங்கி, சுவர் நெடுக, கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வருகிறாள்.

இப்போது என் முதுகுக்கு நேரே. நிறுத்திவிட்டாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

ரிமோட்டால் ஒரு தட்டுத் தட்டலாம். தட்டினால் அவள் பூட்டை உடைப்பாள்.

பெருவிரலை வைத்து அழுத்தினேன். பதியவில்லை.