மூன்றாம் பக்கம்

ராயபுரம், திருப்பூர்
10.7.2005

அன்புள்ள கலா,

நலம். நீயும் அந்த மலைக்குளிரில் நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன். ஹாஸ்டல் போனில் கூப்பிட்டால் நீயும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. பக்கத்தில் வார்டன் அம்மா இருமுவது மட்டும் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு விவரம் வேண்டும். நம் பாப்பாவைத் தூங்கவைக்க நீ கீபோர்டில் வாசிப்பாயே, அந்த மெதுவான பியானோ பாட்டு, அதன் தாள்கள் கீபோர்டு ஸ்டூலின் பெட்டிக்குள் இருந்தன. மூன்றே பக்கம். அதைக் கற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டம்? நான் பார்த்தவரை சிம்பிள் ஸ்டைல்தான். பனியன் கம்பெனிக்குப் புது சாம்பிள் வந்தால் பிரித்துப் போட்டு, எந்த வேலைக்கு எந்த மெஷின் என்று பார்ப்பேனே, அப்படிப் பார்த்தேன். வேகம் கிடையாது. புள்ளிகளும் கொஞ்சம்தான். தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

காய்ச்சலில் பாப்பா போனதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. மரத்துப்போய்க் கிடக்கிறேன். நீயும் போனபின் வீட்டில் ஒரு சத்தமில்லை. திரும்பி வருவாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் இல்லை என்று எழுதிவிடுவாய்.

உன்
கந்தப்பன்


கோத்தகிரி
21.7.2005

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே ஓயாத மழை. துணி காயவில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறேன், மணி அடித்தால் சாப்பிடுகிறேன். எனக்கும் அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை.

நீங்கள் போட்ட கணக்கு தப்பு. மெதுவான பாட்டு என்றால் சுலபம் என்று யார் சொன்னது? வேகமான பாட்டில் ஒரு விரல் தவறினால் அடுத்து வருவது அதை மூடிவிடும். இதில் மூடுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு கட்டையை அழுத்தினால், அதற்குரிய நேரம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். அடுத்ததற்கு ஓடக் கூடாது. இடது கை அடியில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் பதறாமல் மேலே வர வேண்டும். விரலுக்கு இது இரண்டாம் வருஷப் பாடம். இருந்த இடத்தில் இருக்க முடியாதவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

பாப்பா காரியம் முடிந்த மறுநாளே ஷிப்மெண்ட் என்று கிளம்பினீர்கள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அதையும் இதையும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், முடிச்சுப் போட்டுத்தான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சித்ரகலா


ராயபுரம்
4.9.2005

அன்புள்ள கலா,

நீ சொன்னது நிஜம்தான். அன்றைக்கு வீட்டில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

பாட்டை ஆரம்பித்துவிட்டேன். எங்கள் கம்பெனி செக்கிங் பிரிவில் இருக்கும் ஜெபராஜ் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர். ஞாயிறு மதியம் வந்து, எந்தப் புள்ளிக்கு எந்தக் கட்டை என்று காட்டிக் கொடுத்தார். மறக்காமலிருக்கக் கட்டைகளில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

நம் வேலை முறைப்படியே போனேன். முன்பாகம், பின்பாகம் எல்லாம் தனித்தனியாக முடித்துக் கடைசியில் கூட்டித் தைப்போமே, அது மாதிரி இடது கையை மூன்று பக்கமும் தனியாகப் படித்து முடித்தேன். பிறகு வலது கை, இதுவரை இரண்டு பக்கம்தான். போன ஞாயிறு இரண்டையும் கூட்டினேன். சேரவே இல்லை. வேறு வேறு சாயத்தொட்டியில் நனைத்த துணியை ஒரே பனியனில் தைத்தால் எப்படிப் பல்லிளிக்கும், அப்படி இருந்தது. கீழ் வீட்டுச் சென்னம்மாள் அக்கா மேலே ஏறி வந்து, "ஏனுங்க தம்பி, அந்தப் பொட்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன்
கந்தப்பன்


கோத்தகிரி
15.9.2005

அன்புள்ள மாமாவுக்கு,

அம்பு ஸ்டிக்கரா! துணியில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஒட்டுவதல்லவா அது? படித்ததும் சிரித்துவிட்டேன். வார்டன் அம்மா திரும்பிப் பார்த்தார். அறைக்கு வந்து, சிரித்ததற்காக என் மேலேயே கோபப்பட்டேன்.

யாராவது ஒரு கையை மூன்று பக்கத்துக்கு ஓட்டிவிட்டு அடுத்த கைக்கு வருவார்களா? பனியனா அது? ஒரே ஒரு வரி எடுங்கள். இரண்டு கையும் சேர்த்து, இப்போது வாசிப்பதைவிட மெதுவாக. அது பழகிய பிறகு அடுத்த வரி. நடுவில் கம்பெனி போன் வந்தால் எடுக்காதீர்கள்.

சித்ரகலா


ராயபுரம்
13.11.2005

அன்புள்ள கலா,

தீபாவளி போய்விட்டது. சரக்கு வாங்கும் பையருக்குச் சொன்ன தேதி மாதிரி, நான் சொன்ன தேதியும் தவறிவிட்டது. பண்டிகைக்கு அடுப்பு மூட்டவில்லை. சென்னம்மாள் அக்கா தேங்காய் ஒப்பிட்டு சுட்டுக் கொடுத்தனுப்பினார்.

இரண்டு பக்கம் வந்துவிட்டது. நீ சொன்னபடி வரி வரியாக. ஜெபராஜ்கூட "பரவாயில்லீங்க சார்" என்றார். ஆனால் இரண்டாம் பக்கக் கடைசியில் என் கை தானாக நிற்கிறது. அந்த இடத்தில்தான் நீ நிறுத்திவிட்டு, "கண்ணு தூங்கிப்போட்டா, லைட்ட அமத்துங்க" என்பாய். எழுந்து போய் லைட்டை அணைக்கத் தோன்றுகிறது.

நேற்று சென்னம்மாள் அக்கா கேட்டார்: "ஏனுங்க தம்பி, நித்தமும் பாதியிலயே நிறுத்திப்போடறீங்க. மிச்சம் எங்கீங்க?" எனக்குத் தெரியவில்லை கலா. மூன்றாம் பக்கத்தை நம் வீட்டில் யாருமே முழுப் பாட்டாகக் கேட்டதில்லை. பாப்பாவும் கேட்டதில்லை. அதை வாசித்தால் பாட்டு முடிந்துவிடும்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எவ்வளவு கஷ்டம்? நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நீ வருவாயா?

உன்
கந்தப்பன்


கோத்தகிரி
9.12.2005

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பல நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

மூன்றாம் பக்கம் சுலபம். முதல் பக்கத்துப் பாட்டே திரும்ப வருகிறது. இடது கை கட்டைகளை நீளமாக அழுத்திப் பிடித்திருந்தால் போதும். புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. போன வாரம் பள்ளிக்கூடப் பியானோவில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு ஒரு கட்டையைக்கூட அழுத்த முடியவில்லை. மூடிவிட்டு எழுந்து வந்து, மழையில் நனைந்துகொண்டே நின்றேன். நனைகிறோம் என்று தெரியவே நேரமாயிற்று. அதனால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். விரலுக்குச் சுலபம், தனி ஆளுக்கு ரொம்பக் கஷ்டம்.

இடது கையை மூன்று பக்கமும் தனியாகப் படித்து வைத்தீர்களே, திட்டினேனே, அதை மறந்துவிடாதீர்கள்.

இருபத்து நான்காம் தேதி லீவு விடுகிறார்கள். மேட்டுப்பாளையம், அவிநாசி என்று பஸ் மாறிச் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன். இடது கை நீங்கள், வலது கை நான். அதற்கப்புறம் அங்கேயே இருப்பேனா, திரும்பிப் போவேனா, எனக்கே தெரியாது. கேட்காதீர்கள். அன்றைக்குக் கம்பெனிக்குப் போகக் கூடாது. ஷிப்மெண்ட் என்று ஒரு வார்த்தை வந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

சென்னம்மாள் அக்காவிடம் சொல்லி வையுங்கள், மிச்சத்தை அவரும் கேட்கட்டும். ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம். எனக்கும் அன்றைக்குக் கட்டை எது என்று தெரியாது.

உங்கள்
கலா