வாய் மூடிய படங்கள்

என்னங்க, சாப்பாடு மேசையில் இருக்கிறது. குட்டி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறாள், நீங்கள் வந்ததும் கூட்டிக்கொள்ளுங்கள். நான் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

பல் டாக்டர் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. குட்டி எப்போதும் வாயால்தான் மூச்சு விடுகிறாளாம். அதனால் மேலண்ணம் குறுகி, பல் முன்னே தள்ளி, முகமே நீண்டு வளர்கிறதாம். எப்போதிலிருந்து என்று பார்க்கப் பழைய படங்களைக் கேட்டார். ஆல்பத்தை நீட்டினேன். எல்லாவற்றிலும் வாய் மூடியிருக்கிறது! உங்கள் போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து நீங்கள் திருத்தியவைதானே? நானும் அழகென்று ஃப்ரேம் போட்டேனே!

திருத்தாத படங்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

பி.கு.: வாயை மூடினால் மூச்சு முட்டுகிறதென்று குட்டி டாக்டரிடம்தான் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லலையாம்மா?" என்று கேட்டார். "அப்பா போட்டோல மூடிடுவாரு" என்றாள்.