கோல்கொண்டாவில் தட்டாத கை

அத்தை,

நீங்கள் போன பின், உங்கள் பீரோவை ஒழிக்க நேற்று லாலாகுடா வீட்டுக்குப் போயிருந்தேன். சேலைகளுக்கு அடியில் அந்த முழங்கால் பட்டை கிடந்தது. எலாஸ்டிக் தொய்ந்துவிட்டது, தைல வாசனை மட்டும் போகவில்லை. அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பெண் பார்க்கும் நாள் என்று நம் வீட்டில் யாரும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம், அவ்வளவுதான். காலையில் சார்மினார், பிறகு கோல்கொண்டா, சாயங்காலம் குகட்பள்ளியில் சின்னம்மா வீட்டில் சாப்பாடு. நடுவில் பையனும் நானும் பேசிக்கொள்ள வேண்டும். ஒத்துவராவிட்டால் யாருக்கும் தலைகுனிவில்லாமல் டூர் டூராகவே முடிந்துவிடும். நம் ஆட்களுக்கு இதற்கெல்லாம் மூளை எங்கிருந்துதான் வருமோ.

அதற்கு மேல் அப்பா ஒரு யோசனை செய்தார். கோட்டை வாசலில் கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும் அல்லவா? வேனில் ஏறும் முன் நம் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார். "பிள்ளைக்குப் பிடிச்சிருந்தா கீழ நின்னு தட்டுங்க. இல்லைன்னா சும்மா இருங்க, நான் மேல பேச்சை மாத்திக்கிடுதேன்." உங்களுக்கு முழங்கால் வலி, மேலே ஏற முடியாது. உங்களுக்குத் துணையாக நான். படம் எடுக்கும் சாக்கில் பையன்.

அவன் கெட்டவன் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "கல்யாணத்துக்கப்புறம் நீங்க வேலைக்குப் போக வேண்டியதில்ல. அம்மாவுக்குத் துணையா வீட்ல இருந்தா போதும்." மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை எனக்கு. அவன் படியேறிப் போனதும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன். "நக்கோன்னா நக்கோதாம்ட்டி, சும்மா உக்காரு" என்றீர்கள். வேண்டாம் என்பதற்கு லாலாகுடாவில் நீங்கள் பழகிய சொல் அது.

சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் ஒரு ஸ்கூல் பஸ் வந்து நின்றது. கைடு பிள்ளைகளை வாசல் வளைவுக்கு அடியில் நிறுத்தி, எல்லோரையும் தட்டச் சொன்னார். நீங்கள் நிமிர்ந்து மலை உச்சியைப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, உங்கப்பா நாமதான் தட்டுனோம்னுல்லா நெனைப்பாவ."

நாம் சும்மா இருப்பதுதான் வேண்டாம் என்று அர்த்தம். அந்த இடத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தட்டத்தான் வருகிறார்கள் என்பது நம் மூன்று பேருக்கும் தோன்றவேயில்லை பாருங்கள். அப்போது செல்போன் நம் வீட்டில் யாரிடமும் இல்லை. அப்பா வாக்குக் கொடுத்துவிட்டால் மாற்ற மாட்டார்.

நான் ஓடப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "நீ போய்ச் சொன்னா வாயாடிம்பாவ. நான் சொல்லுதேன், தோளைக் குடு."

அந்தப் படிகளை இன்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் உங்கள் நகம் என் தோளில் பதிந்தது. நடுவில் உட்கார்ந்துவிட்டீர்கள். முகம் வெளுத்துப்போயிருந்தது. போதும் அத்தை, நான் கட்டிக்கொள்கிறேன் என்று அழுதேன். என் தோளைப் பிடித்து எழுந்துகொண்டீர்கள்.

உச்சியில் அப்பா, பையனின் அப்பாவுடைய கைகளைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நம்ம வீட்டுப் பொண்ணை…" என்று ஆரம்பித்திருந்தார்.

"அண்ணே, தட்டுனது நாங்க இல்லை."

அப்பாவுக்கு மட்டும்தான் புரிந்தது. பிடித்த கைகளை மெல்ல விட்டார். "என்ன தட்டுனது?" என்று பையனின் அம்மா கேட்டார். நீங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்க, எல்லோருக்கும் விளங்கச் சொன்னீர்கள்: "பிள்ளைக்கு வேலையை விட இஷ்டமில்லை. அதான்."

ஆனாலும் வேன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு குகட்பள்ளிக்கே போனது. சின்னம்மா விஷயம் தெரியாமல் கூடத்தில் தாம்பூலத் தட்டை வைத்திருந்தாள். நீங்கள் நொண்டிக்கொண்டே போய் அதைத் தூக்கி சாமி படத்தடியில் வைத்துவிட்டு, "எல்லாருக்கும் பசிக்கும், இலையைப் போடு" என்றீர்கள். பொங்கல் வரை அப்பா உங்களோடு பேசவில்லை. அந்த முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை. ஒரு நாளும் அதை நீங்கள் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை அத்தை.

இன்று காலை ஆபீஸ் மீட்டிங்கில், என் டீமிலிருந்து இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்புவதாக மேனேஜர் வாசித்தார். யாரும் மறுக்கவில்லை, ஆகவே எல்லோருக்கும் சம்மதம் என்றார். பின்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். பட்டை என் கைப்பையில்தான் இருந்தது. எழுந்து நின்றேன்.

"நான் தட்டலை, சார்."

என்ன தட்டவில்லை என்று கேட்டார். எல்லோருக்கும் விளங்கச் சொன்னேன்.